சே எங்கே, டெல் எங்கே: ஒரே 'சொல்'லுக்கு இரண்டு ஆங்கில வினைகள்

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்." இதை ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது கை ஒரு நொடி நிற்கும். "ஐ செட் மை மேனேஜர்" என்பதா, "ஐ டோல்ட் டு மை மேனேஜர்" என்பதா? இரண்டுமே தப்பு. சரியானது "ஐ டோல்ட் மை மேனேஜர்". இந்தச் சின்ன இடத்தில் பத்து வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். காரணம் ஆங்கிலம் போதாதது அல்ல. தமிழில் 'சொல்' என்ற ஒரே வினை, 'கிட்ட', 'னு' என்ற இரண்டு ஒட்டுகளை வைத்துக்கொண்டு எல்லா வேலையையும் முடித்துவிடுகிறது. அந்தக் 'கிட்ட' ஆங்கிலத்துக்குப் போனால் 'டு' ஆகிறது. 'னு' போனால் 'தட்' ஆகிறது. "டோல்ட் டு", "டோல்ட் தட்" என்ற இரண்டு பிழைகளும் நம் தமிழ் இலக்கணம் ஒழுங்காக வேலை செய்வதால் வருபவை.

தமிழுக்கு வினைப் பஞ்சமும் இல்லை. கூறு, உரை, மொழி, பகர், இயம்பு, நவில், செப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரே வேலைக்கு ஆளைப் பார்த்து வேறு வினை போடுவதும் நமக்குப் புதிதல்ல. ஒன்றைக் கேட்டுப் பெறும்போது தாழ்ந்தவர் 'ஈ' என்பார், ஒத்தவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் சே, டெல் இரண்டையும் பிரிப்பதும் ஆளை வைத்துத்தான். ஆனால் அங்கே பார்ப்பது ஆளின் உயர்வு தாழ்வை அல்ல, வாக்கியத்தில் அவர் எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை.

இங்கே சே என்பது எஸ், ஏ, ஒய் என்று எழுதும் வினை. அதன் இறந்த காலம் செட். டெல்லுக்கு டோல்ட். (சலிப்பில் வாயில் வரும் "சே!" வேறு. அலுவலக மெயில் படிக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் வரலாம்.)

## எதை வைத்து முடிவு செய்வது

நான்கு கேள்விகள் போதும். வரிசையும் முக்கியம்.

முதல் கேள்வி: கேட்டவர் வினைக்கு ஒட்டினாற்போல் அடுத்த இடத்தில் வருகிறாரா? வந்தால் டெல், வராவிட்டால் சே. பெரும்பாலான வாக்கியங்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அடுத்தது, சொல்லப்பட்டது என்ன? வாயிலிருந்து வந்த வார்த்தையா, ஒருவருக்குப் போய்ச் சேர்ந்த தகவலா, செய்யச் சொன்ன வேலையா? வார்த்தை சேயின் சொத்து. வேலை ஏவுவது டெல்லுடையது. தகவல் இரண்டுக்கும் பொது. அதற்கு முதல் கேள்விதான் தீர்ப்பு.

மூன்றாவது, சொன்னது ஆளா, பொருளா? போர்டு, கடிகாரம், கடிதம், அறிக்கை இவை 'சொல்லும்போது' ஆங்கிலத்துக்கு சே பிடிக்கும்.

கடைசியாக, இது பழகி இறுகிப்போன தொடரா? அப்படியானால் மேலே சொன்ன மூன்றும் செல்லாது. அதை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

## சே

கேட்பவர் இருக்கிறாரா இல்லையா என்று சே கவலைப்படாது. ஆளில்லாத அறையில் ஒருவர் "அப்பாடா" என்று சொன்னாலும் அது சேதான். அதற்கு வேண்டியது சொல்லப்பட்ட பொருள் மட்டும்: ஒரு வார்த்தை, ஒரு வாக்கியம், அல்லது 'இட்', 'சோ', 'சம்திங்' மாதிரி அந்த இடத்தை நிரப்பும் ஏதோ ஒன்று.

ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் அப்படியே போடும்போது சே தான் இயல்பு. கதைகளில் ஒவ்வொரு உரையாடலுக்குப் பின்னாலும் "ஹி செட்", "ஷி செட்" என்று வருவது அதனால்தான். படிப்பவர் கண்ணில் அது புள்ளி, கமா மாதிரி, இருப்பதே தெரியாது. பள்ளிக் கட்டுரையில் 'செட்' திரும்பத் திரும்ப வருகிறதே என்று பயந்து 'எக்ஸ்க்ளெய்ம்ட்', 'அட்டர்ட்' என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் உறுத்தும்.

மரியாதை வார்த்தைகள் முழுக்க சேயின் வீட்டில் இருக்கின்றன. சே தேங்க்ஸ், சே சாரி, சே ஹலோ, சே குட்பை, சே யெஸ், சே நோ. "டெல் சாரி டு ஹர்", "டெல் தேங்க்ஸ் டு அங்கிள்" என்று குழந்தைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பது தமிழ். "சே சாரி டு ஹர்" என்பதுதான் ஆங்கிலம். இந்த இடத்தில் 'டு' வரலாம், வந்தே ஆக வேண்டும். ஆனால் சொன்ன வார்த்தைக்குப் பின்னால், ஆளுக்கு முன்னால்.

பொருட்கள் பேசும் இடம் நாம் சேயைத் தவறவிடும் இடம். "வாட்ச்ல மணி அஞ்சு" என்பதை "மை வாட்ச் செஸ் ஃபைவ்" என்று எழுதலாம். "போர்டுல பார்க்கிங் கிடையாதுன்னு போட்டிருக்கு" என்பதற்கு "இட் இஸ் ரிட்டன் இன் தி போர்ட்" என்று சுற்றி வளைக்க வேண்டாம். "தி போர்ட் செஸ் நோ பார்க்கிங்" போதும். பேப்பரில் போட்டிருந்தால் "தி பேப்பர் செஸ்".

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் சேக்கு மூன்று.

ஒன்று, உச்சரிப்பு. மூன்றாம் ஆளுக்கு வரும் வடிவத்தை 'சேய்ஸ்' என்று நீட்டுவது நம்மிடம் மிகப் பரவலான பழக்கம். அது 'செஸ்', குறில், கடைசியில் 'ஸ்' கொஞ்சம் அதிரும். இறந்த காலமும் அப்படித்தான்: எழுத்தைப் பார்த்து 'சைட்' என்றோ 'சேய்ட்' என்றோ நீட்டக்கூடாது, 'ரெட்', 'பெட்' என்பவற்றோடு எதுகையாக 'செட்'.

இரண்டு, உத்தரவைச் சுமக்கும் தெம்பு அதற்கு இல்லை. "ஷி செட் டு வெயிட்" என்று பேச்சில் கேட்கலாம். ஆனால் யாரை வெயிட் பண்ணச் சொன்னார் என்பது காணாமல் போய்விடுகிறது. டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார் என்பதை "தி டாக்டர் செட் டு ஸ்டாப்" என்று எழுதினால், அது உங்களுக்கா, அப்பாவுக்கா, பொதுவான ஆலோசனையா என்று படிப்பவர் யோசிக்க வேண்டும். மருந்து விஷயத்தில் அந்த யோசனைக்கு இடம் வைக்கக்கூடாது.

மூன்று, 'அபவுட்'. "அதைப் பத்தி சொன்னார்" என்பதை "ஹி செட் அபவுட் இட்" என்று எழுத முடியாது. சேக்கும் அபவுட்டுக்கும் நடுவில் ஒரு பொருள் வேண்டும்: "ஹி செட் நத்திங் அபவுட் இட்" சரி. "வாட் டிட் ஹி சே அபவுட் இட்?" சரி, ஏனென்றால் 'வாட்' அந்தப் பொருள். வெறுமனே "அதைப் பற்றி" என்றால் "ஹி டாக்ட் அபவுட் இட்" அல்லது "ஹி டோல்ட் அஸ் அபவுட் இட்".

## டெல்

டெல்லின் பழைய வேலை எண்ணுவது. பழைய ஆங்கிலத்தில் 'டெல்லன்' என்றால் எண்ணு, கணக்கிடு, விவரி. ஜெர்மனில் இன்றும் அதன் உறவுக்கார வினை 'எண்ணு' என்ற பொருளில் இருக்கிறது. முன்னால் ஒரு ஒட்டைச் சேர்த்தால் 'கதை சொல்' ஆகிவிடும். வங்கியில் காசு எண்ணித் தருபவர் டெல்லர். ஏடிஎம்மில் நடு எழுத்து அந்த டெல்லர்தான். அந்த மெஷின் எதையும் 'சொல்வதில்லை', எண்ணித் தருகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பின்போது தலை எண்ணுபவர்களுக்கும் டெல்லர்ஸ் என்றே பெயர். "ஆல் டோல்ட்" என்றால் மொத்தத்தில். "அன்டோல்ட் வெல்த்" என்றால் எண்ணி மாளாத செல்வம்.

இந்த வரலாறு நினைவில் வைக்க ஒரு பிடி தருகிறது. எண்ணித் தர வேண்டுமானால் கையேந்தி நிற்க எதிரில் ஒருவர் வேண்டும். டெல்லுக்கும் அப்படித்தான்: வாங்கிக்கொள்பவர் உடனே அடுத்த இருக்கையில் இருக்க வேண்டும். "டெல் மீ", "டெல் ஹர்", "டெல் யுவர் பிரதர்", "டெல் எவ்ரிஒன்". நடுவில் 'டு' நுழைய இடமே கிடையாது.

அந்த ஆளை விட்டுவிட்டால் வாக்கியம் நொண்டும். "ஹி டோல்ட் தட் தி மீட்டிங் இஸ் கேன்சல்ட்" என்பது நம் அலுவலகங்களில் தினமும் ஓடும் வாக்கியம். பழுது பார்க்க இரண்டு வழி: ஆளைச் சேர்த்து "ஹி டோல்ட் அஸ்" என்று எழுதலாம், இல்லையென்றால் வினையை மாற்றி "ஹி செட்" என்று எழுதலாம். எது நல்லது? யாரிடம் சொன்னார் என்பது முக்கியமென்றால் முதலாவது. இல்லையென்றால் இரண்டாவது சிக்கனம்.

ஆளில்லாமலே டெல் வரும் தொடர்கள் ஒரு சின்னக் கூட்டம்: டெல் தி ட்ரூத், டெல் எ லை, டெல் எ ஸ்டோரி, டெல் எ ஜோக், டெல் தி டைம், டெல் தி டிஃபரன்ஸ். இங்கே சேயைப் போட முடியாது. "சே எ லை" என்று யாரும் சொல்வதில்லை. கூடவே வரும் 'எ', 'தி' என்ற சின்ன வார்த்தையையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். உண்மை ஒன்றுதான், அதனால் 'தி'. பொய்க்குக் கணக்கில்லை, அதில் ஏதோ ஒன்று, அதனால் 'எ'.

'தெரிகிறது' என்ற பொருளில் வரும் டெல் தனி ரகம். "ஐ கான்ட் டெல்" என்றால் "என்னால் சொல்ல முடியாது" என்று ரகசியம் காப்பது அல்ல, "பார்த்தால் தெரியவில்லை". இரட்டையர்களைப் பார்த்து "ஐ கான்ட் டெல் தெம் அபார்ட்" என்பார்கள்: யார் எவர் என்று பிரித்தறிய முடியவில்லை. "ஐ வோன்ட் டெல்" என்பதுதான் சொல்ல மாட்டேன்.

டெல்லின் மறைமுகச் செலவு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: அதிகாரம். டெல், ஆள், டு என்று வந்தால் அது ஏவல். "ஐ டோல்ட் மை டீம் டு ஃபினிஷ் இட்" என்பதில் குற்றமில்லை. "ஐ டோல்ட் மை டைரக்டர் டு சைன் இட்" என்றால் டைரக்டருக்கு நீங்கள் உத்தரவு போட்டதாக ஆகிறது. தமிழில் "சார்கிட்ட கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கேன்" என்பதில் 'சார்' என்ற சொல்லே பணிவைத் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் வினைதான் தாங்க வேண்டும். அந்த இடத்துக்கு மூன்றாவது வினை இருக்கிறது: 'ஆஸ்க்'. "ஐ ஆஸ்க்ட் ஹிம் டு சைன் இட்". மேலே இருப்பவர், வாடிக்கையாளர், அறிமுகம் இல்லாதவர் மூவருக்கும் இதுதான் பத்திரம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| தமிழில் வருவது | சே போட்டால் | டெல் போட்டால் |
|---|---|---|
| வரமாட்டேன்னு சொன்னான் | "ஹி செட் ஹி வுடன்ட் கம்": சரி | ஆள் இல்லாததால் தப்பு |
| வரமாட்டேன்னு என்கிட்ட சொன்னான் | "ஹி செட் டு மீ தட்": இலக்கணம் சரி, கனமாக இருக்கும் | "ஹி டோல்ட் மீ ஹி வுடன்ட் கம்": சரி |
| என்னை வெயிட் பண்ணச் சொன்னாங்க | "தே செட் டு வெயிட்": பேச்சில் மட்டும் | "தே டோல்ட் மீ டு வெயிட்": சரி |
| உங்க பேரைச் சொல்லுங்க | "சே யுவர் நேம்": உச்சரித்துக் காட்டுங்கள் | "டெல் மீ யுவர் நேம்": பெயர் என்ன |
| பொய் சொல்லாதே | தப்பு | "டோன்ட் டெல் லைஸ்": சரி |
| சாரி சொல்லு | "சே சாரி": சரி | தப்பு |
| அப்படித்தான் சொல்றாங்க | "தே சே", எழுத்தில் "இட் இஸ் செட்" | "இட் இஸ் டோல்ட்": தப்பு |
| என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க | "ஐ வாஸ் செட்": தப்பு | "ஐ வாஸ் டோல்ட்": சரி |
| நீங்க சொல்றது சரி | "வாட் யூ ஆர் சேயிங் இஸ் ரைட்": சரி | "வாட் யூ ஆர் டெல்லிங்": தப்பு |

கடைசி வரிசை தனியாகக் கவனிக்க வேண்டியது. "வாட் யூ ஆர் டெல்லிங் இஸ் கரெக்ட்" என்பது கூட்டங்களில் ஒருவர் சொன்னதை ஆமோதிக்கும்போது தவறாமல் கேட்கும் வாக்கியம். நம் ஊர்க் காதுக்கு உறுத்தாது. வெளியிலிருந்து கேட்பவருக்கு "யாருக்கு?" என்று ஒரு படி காணாமல் போன மாதிரி இருக்கும்.

## 'ச்' சொன்னாரா, 'னு' சொன்னாரா

ஆங்கில இலக்கணம் நினைவுக்கு வராவிட்டால், மனதில் ஓடும் தமிழ் வாக்கியத்தையே உற்றுப் பாருங்கள். 'சொல்'லுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

"போகச் சொன்னார்", "பண்ணச் சொன்னார்", "வரச் சொன்னார்" என்று நடுவில் 'ச்' மிகுந்தால் அது ஏவல். ஆங்கிலத்தில் டெல், ஆள், டு. அல்லது பணிவாக ஆஸ்க், ஆள், டு. "எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க" என்பது "டெல் ஹிம் டு கால் மீ". "சே ஹிம் டு கால் மீ" என்று ஒருபோதும் வராது.

"போறேன்னு சொன்னார்", "முடியாதுன்னு சொன்னார்" என்று 'னு' இருந்தால் அது கூற்று. 'கிட்ட' கூடவே இருந்தால் டெல், இல்லாவிட்டால் சே. இந்த விதி ஒரே இடத்தில் வழுக்கும்: 'வேண்டாம்'. "போக வேண்டாம்னு சொன்னார்" என்பதில் 'னு' இருந்தாலும் அது தடை உத்தரவு. "ஹி டோல்ட் மீ நாட் டு கோ."

'னு'வில் இன்னொரு பள்ளமும் உண்டு. தமிழ் அதற்குள் ஒருவர் பேசியதை அப்படியே பத்திரப்படுத்தி வைக்கிறது. "நாளைக்கு வரேன்னு சொன்னான்" என்பதில் 'வரேன்' அவன் வாயிலிருந்து வந்த தன்மை வினை. நாம் தொடவே இல்லை. இதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் "ஹி டோல்ட் ஐ வில் கம் டுமாரோ" என்று வரும். டெல்லுக்கு ஆள் இல்லை என்பதோடு பழுது முடியவில்லை. 'ஐ' என்றால் வருவது அவன் அல்ல, நான்! நாலு வார்த்தையில் வேறு ஒருவரைப் பயணம் கிளப்பியாகிவிட்டது. சரியானது "ஹி செட் ஹி வுட் கம்". அவன் பேசியது இன்று, நாளை இன்னும் வரவில்லை என்றால் 'டுமாரோ' அப்படியே இருக்கலாம், 'வில்'லும் இருக்கலாம். போன வாரம் சொன்னதை இன்று எழுதினால் 'வுட்' வேண்டும், 'டுமாரோ' 'தி நெக்ஸ்ட் டே' ஆக வேண்டும்.

பள்ளியில் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பாடத்தில் "செட் டு" வந்தால் "டோல்ட்" ஆக்கு என்று ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுப்பார்கள். மார்க் வாங்க அது போதும். ஆனால் அந்தச் சூத்திரத்தில் 'டு' தானாக விழுந்துவிடுகிறது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. "செட் டு மீ" மாறும்போது "டோல்ட் மீ". பாதி சூத்திரம் மட்டும் நினைவில் தங்கினால் "டோல்ட் டு மீ".

## ஒரு மெயிலைப் பிரித்துப் பார்ப்போம்

"ஆஸ் டோல்ட் பை யூ, ஐ டோல்ட் டு தி கிளையன்ட் தட் வி வில் டெலிவர் ஆன் ஃப்ரைடே. ஹி டோல்ட் ஓகே. ஹி செட் மீ டு சென்ட் தி இன்வாய்ஸ். ஐ டோல்ட் ஹிம் டு வெயிட் டில் மண்டே."

ஐந்து இடத்தில் 'சொல்', ஐந்திலும் வேலை இருக்கிறது.

"ஆஸ் டோல்ட் பை யூ": "நீங்க சொன்னபடி" என்பதன் நேர் நிழல். ஒரு தகவலைக் குறிப்பிடுகிறீர்கள் என்றால் "ஆஸ் யூ செட்". அவர் செய்யச் சொன்னதைச் செய்தீர்கள் என்றால் "ஆஸ் யூ ஆஸ்க்ட்". இந்த மெயிலுக்குப் பொருந்துவது இரண்டாவது.

"டோல்ட் டு தி கிளையன்ட்": 'டு'வை எடுத்தால் போதும். வெள்ளிக்கிழமை இன்னும் வராததால் 'வில்'லை மாற்ற வேண்டியதில்லை.

"ஹி டோல்ட் ஓகே": 'ஓகே' என்பது வாயிலிருந்து வந்த வார்த்தை, எனவே "ஹி செட் ஓகே". மெயிலில் "ஹி அக்ரீட்" இன்னும் நன்றாக இருக்கும்.

"ஹி செட் மீ டு சென்ட்": வாடிக்கையாளர் கேட்டார் என்பதால் "ஹி ஆஸ்க்ட் மீ டு சென்ட்". 'டோல்ட் மீ டு' என்றாலும் இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் அவர் அதட்டியதாகத் தொனிக்கும்.

கடைசி வாக்கியம்தான் ஆபத்து. இலக்கணம் மாசு மறுவற்றது. எந்த ஸ்பெல்செக்கும் அதன் கீழ் சிவப்புக் கோடு போடாது. ஆனால் காசு கொடுப்பவரை "திங்கள் வரைக்கும் காத்திரு" என்று உத்தரவிட்டதாகப் படிக்கும். "ஐ டோல்ட் ஹிம் வி வுட் சென்ட் இட் ஆன் மண்டே" என்று ஏவலைத் தகவலாக மாற்றினால் டெல் அதே இடத்தில் இருக்கும், அதட்டல் போய்விடும்.

## இரண்டுமே சரியாக வரும் இடம், இரண்டுமே வராத இடம்

"சொல்லாம கொள்ளாம போயிட்டான்." இதற்கு "வித்தவுட் டெல்லிங் எனிஒன்" என்றும் எழுதலாம், "வித்தவுட் சேயிங் எ வேர்ட்" என்றும் எழுதலாம். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் யாருக்கும் தகவல் போகவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். இரண்டாவதில் எதிரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். வாயைத் திறக்காமல் எழுந்து போய்விட்டான். இந்த ஒரு சோடியை மனதில் வைத்துக்கொண்டால் இரண்டு வினைகளின் குணமும் பிடிபடும்.

"அம்மாவைக் கேட்டதா சொல்லு" என்பதற்கு "சே ஹலோ டு யுவர் மதர் ஃபார் மீ" என்பார்கள். "டெல் யுவர் மதர் ஐ செட் ஹலோ" என்றும் கேட்கலாம். இரண்டாவதில் இரண்டு வினையும் ஒரே வரியில் அவரவர் இடத்தில் நிற்கின்றன: அம்மாவுக்கு டெல், ஹலோவுக்கு சே.

'சொல்' வந்தாலே இந்த இரண்டில் ஒன்று என்று பாயவும் கூடாது. பதில் சொல்வது ஆன்ஸர் அல்லது ரிப்ளை. சொல்லிக் கொடுப்பது டீச். யோசனை சொல்வது சஜெஸ்ட். குறை சொல்வது கம்ப்ளெய்ன். "அவனைச் சொல்லி என்ன ஆகப்போகுது" என்பதில் இருப்பது பிளேம். கோள் சொல்வதற்கு மட்டும் டெல் உதவிக்கு வரும், 'ஆன்' சேர்த்து: "ஹி டோல்ட் ஆன் மீ" என்றால் என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டான். 'ஆஃப்' சேர்த்தால் திட்டு: "ஷி டோல்ட் மீ ஆஃப்."

இறுகிப்போன தொடர்களில் ஒன்றிரண்டு நம்மைக் குழப்பும். நீங்கள் டிராஃபிக் பற்றிப் புலம்பும்போது எதிராளி "டெல் மீ அபவுட் இட்" என்றால் விவரம் கேட்கவில்லை; உட்கார்ந்து விளக்கத் தொடங்காதீர்கள். நம் "அதை ஏன் கேக்குறீங்க" எப்படிக் கேள்வி இல்லையோ, அப்படித்தான் அதுவும். "யூ டோன்ட் சே!" என்றால் "அடேயப்பா, அப்படியா", பெரும்பாலும் குத்தலோடு.

## மற்ற வினைகள் எந்தப் பக்கம்

சே, டெல் இரண்டையும் பிரித்துவிட்டால் கூடவே ஒரு படை தீர்ந்துவிடும். இன்ஃபார்ம், ரிமைண்ட், அஷ்யூர் ஆகியவை டெல் கட்சி. ஆள் உடனே அடுத்து வர வேண்டும். "இன்ஃபார்ம் டு ஹிம்" இல்லை, "இன்ஃபார்ம் ஹிம்". எக்ஸ்ப்ளெய்ன், மென்ஷன், சஜெஸ்ட், அனௌன்ஸ் ஆகியவை சே கட்சி. ஆள் வந்தால் 'டு' வேண்டும். "எக்ஸ்ப்ளெய்ன் மீ" என்று கேட்காத அலுவலகம் கிடையாது. அது "எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ". எந்தக் கட்சி என்று சந்தேகம் வந்தால் அகராதியில் அந்த வினைக்கான எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பார்த்து, வினைக்கு அடுத்த வார்த்தை ஆளா, பொருளா என்று மட்டும் கவனித்தால் போதும்.

## ஃபோனை எடுத்து "சொல்லுங்க" என்பது

தெரிந்த நம்பர் என்றால் நாம் ஹலோவுக்கு அடுத்து "சொல்லுங்க" என்போம். அதில் அன்பும் இருக்கிறது, நேரம் ஒதுக்கும் மரியாதையும் இருக்கிறது. அதை அப்படியே "யெஸ், டெல் மீ" என்று ஆங்கிலத்தில் சொன்னால், இலக்கணம் சரி, ஆள் கூட அடுத்த இருக்கையில் சரியாக இருக்கிறார். இந்தியாவுக்குள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். லண்டனிலோ டொரண்டோவிலோ இருந்து பேசுபவருக்கு "ம், விஷயத்தைச் சொல்" என்று விரட்டுவது போல் கேட்கும். அங்கே அந்த இடத்தில் சேயும் வராது, டெல்லும் வராது. தெரிந்தவர் என்றால் "ஹை, ஹௌ ஆர் யூ?", வேலை விஷயமாக அழைத்தவர் என்றால் "ஹௌ கேன் ஐ ஹெல்ப்?", பேச்சின் நடுவில் அவர் ஏதோ சொல்ல வந்து தயங்கினால் "கோ அஹெட்".